கோமாளி, கோணங்கி, கட்டியங்காரன், பபூன்: ஒரு சொல்லும் அதன் சொந்தங்களும்

அகராதியைப் புரட்டினால் 'கோமாளி'க்கு எதிரே விதூஷகன், விகடன், கோணங்கி, பபூன் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். எல்லாம் ஒன்றுதான், எதை எடுத்து எங்கே போட்டாலும் பொருந்தும் என்று நம்பி எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே இடறும். 'துஷ்யந்தனின் பபூன்' என்று யாரும் சொல்வதில்லை. 'சர்க்கஸ் விதூஷகன்' என்றும் சொல்வதில்லை. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசைப் பக்கம் கூத்துப் பார்க்கப் போகிறவர் கட்டியங்காரனை 'ஜோக்கர்' என்று சொன்னால், பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரே திருத்திவிடுவார்.

காரணம் எளிது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு மேடையிலிருந்தும் அந்த மேடையில் ஒருவர் செய்யும் வேலையிலிருந்தும் வந்தவை. ஆகவே, பொருளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வது உதவும்: சிரிப்பு எங்கிருந்து வருகிறது? உடம்பிலிருந்தா, வாயிலிருந்தா, அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பிலிருந்தா? இதைக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான குழப்பம் தானாகத் தெளியும்.

கோமாளி

எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் இதுதான். கோமாளம் என்று ஒரு சொல் உண்டு. துள்ளிக் குதித்து ஆடும் களிப்பு என்று பொருள். கும்மாளத்துக்கு ஒலியிலும் பொருளிலும் பக்கத்தில் நிற்கும் சொல். கோமாளியை அதோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பொருத்தம். 'கோ என்றால் அரசன், ஆளி என்றால் ஆள்பவன்' என்று பிரித்துக் காட்டும் விளக்கம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கோவும் ஆளியும் சேர்ந்தால் நடுவே வரவேண்டியது உடம்படுமெய். அந்த இடத்தில் மகரம் எப்படி வந்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் பதிலில்லை. மலையாளத்திலும் இதே பொருளில் கோமாளி உண்டு.

இன்றைய பேச்சில் இதற்கு இரண்டு முகம். ஒன்று தொழில்: வேடம் கட்டி, முகத்தில் வண்ணம் பூசி, மற்றவர்களைச் சிரிக்க வைப்பவர். மற்றொன்று வசை: பொறுப்பான இடத்தில் இருந்துகொண்டு பொறுப்பில்லாமல் நடப்பவர். 'சபையைக் கோமாளிக் கூத்து ஆக்கிவிட்டார்கள்' என்னும்போது அங்கே யாரும் வேடம் கட்டவில்லை. இந்த இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. தொழிற்கோமாளி தெரிந்தே சிரிப்புக்கு ஆளாகிறார். எந்த நொடியில் விழுவது, எந்தப் பக்கம் விழுவது என்பது அவர் பழகி வைத்த கணக்கு. வசைக் கோமாளிக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதே தெரியாது. வசையை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்குத் தொழிலின் அருமை தெரியாமல் போகிறது. அது வருத்தமான விஷயம்தான்.

ஏமாளியும் கோமாளியும் எதுகைக்காகச் சேர்ந்தே வரும் சொற்கள். பொருள் வேறு. ஏமாளி ஏமாற்றப்படுகிறவன். கோமாளி ஏமாளியாக நடிக்கலாம், ஆனால் ஏமாந்தவன் அல்லன்.

கோணலில் பிறந்தவை

கோணங்கி என்ற சொல்லைக் கோணுதல், கோணல் என்பவற்றோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். முகத்தைக் கோணி, இடுப்பை ஒடித்து, காலை இழுத்து ஆடும் ஆட்டம் அது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் இந்தப் பாத்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இரவில் நாடகம் தொடங்கும்போது முதலில் அரங்குக்கு வருவது கோணங்கிதான். நாடகம் தொடங்குகிறது என்பதை ஊருக்குத் தன் துள்ளலால் சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகுதான் பிள்ளையார் முகமூடியோடு சிறுவன் வருவான். முதலில் சிரிப்பு, அடுத்து பிள்ளையார் என்ற இந்த வரிசை கவனிக்க வேண்டியது.

கோணங்கிக்குக் குடுகுடுப்பைக்காரர் என்ற பொருளும் உண்டு. இங்கே ஒரு குழி இருக்கிறது. உடுக்கை அடித்துக் குறி சொல்பவர் கோடாங்கி. அவர் வேறு ஆள். கன்னடத்திலோ 'கோடங்கி' என்றாலே கோமாளி. எல்லைப் பகுதி மொழிபெயர்ப்புகளில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது உண்டு.

விகடமும் இதே குடும்பம், வடமொழி வழியாக வந்தது. அங்கே அதன் பழைய பொருள் கோணல், கோரம், இயல்புக்கு மாறான வடிவம். நகைச்சுவை என்ற பொருள் பின்னால் ஏறியது. இந்த மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்பதைக் காஞ்சிபுரத்து விகட சக்கர விநாயகர் கதை அழகாகக் காட்டுகிறது. திருமாலின் சக்கரத்தை வீரபத்திரரின் மாலையில் இருந்த வெண்தலை (மண்டையோடு) ஒன்று விழுங்கிவிடுகிறது.  திருமாலின் படைத்தலைவர் விஷ்வக்சேனர் அதன் முன்னால் கை, கால், முகம் எல்லாவற்றையும் கோணலாக்கி விகடக் கூத்து ஆடுகிறார். வெண்தலை சிரிக்கிறது, சிரித்த வாயிலிருந்து சக்கரம் கீழே விழுகிறது. அதை எடுத்துக்கொண்ட விநாயகரும் அந்தக் கூத்தை மறுபடி ஆட வைத்துப் பார்த்த பிறகே சக்கரத்தைத் தருகிறார். விகடம் என்றால் உடம்பின் கோணல். அதன் விளைவு சிரிப்பு. காரணத்தின் பெயர் காலப்போக்கில் விளைவுக்கும் ஆகிவிட்டது.

அதே விகடம், கவியோடு சேர்ந்ததும் உடம்பை விட்டு நாக்குக்கு மாறிவிடுகிறது. விகடகவி என்றால் நம் நினைவுக்கு வருபவர் தெனாலி ராமன். 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் அவையோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். கதைகளில் அவர் வேடிக்கை செய்கிறார் என்றாலும் அவரைக் கோமாளி என்பது தவறு. அவர் ஆயுதம் சொல். தெலுங்கில் அவர் பெயரில் கனமான பக்திக் காவியமே இருக்கிறது. 'வி-க-ட-க-வி' என்ற ஐந்தெழுத்தும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லை வைத்து விளையாடுபவனுக்கு வாய்த்த பெயரும் அப்படியே அமைந்துவிட்டது.

கட்டியங்காரன்: சிரிப்பு வேலையில் இருக்கிறது

இந்தச் சொல்லில் நகைச்சுவை என்ற பொருளே கிடையாது. கட்டியம் என்றால் அரசரின், கடவுளின் விருதுப் பெயர்களை உரக்கச் சொல்லி வரவை அறிவிப்பது. கோயில்களில் இன்றும் கட்டியம் கூறுகிறார்கள். 'ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட' என்று தொடங்கி 'பராக், பராக்' என்று முடியும் அந்த அறிவிப்புதான். ஆக, கட்டியங்காரன் என்பது ஒரு அரண்மனை உத்தியோகத்தின் பெயர். அந்த உத்தியோகக்காரன் தெருக்கூத்தில் எப்படிச் சிரிக்க வைப்பவனாக ஆனான் என்பதைக் களத்தில் பார்த்தால்தான் புரியும்.

கூத்து இரவு முழுக்க நடக்கும். வாத்தியங்கள் முழங்கிக் களரி கட்டி முடிந்ததும் இரண்டு பேர் ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் திரை. அதற்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. உள்ளிருந்தபடியே திரை விருத்தம் பாடுகிறான். திரைக்கு முன்னால் கட்டியங்காரன். பாட்டு முடிந்து திரை விலகியதும், நாட்டையே நடுங்க வைக்கும் அந்த அரசனைப் பார்த்து அவன் கேட்கும் கேள்வி: 'ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்? இங்கே என்ன காரியமாக வந்தீர்கள்?'

இந்தக் கேள்வி ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. அரசன் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள வழி கிடைக்கிறது. தாமதமாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் கதை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அரசன் பாட்டிலும் செந்தமிழ் வசனத்திலும் சொன்னதைக் கட்டியங்காரன் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லும்போது அர்த்தம் கடைசி வரிசைக்கும் போய்ச் சேருகிறது. மூன்றாவது, வாயில்காப்பவனே அரசனை 'நீ யார்' என்று கேட்கிறான் என்பதில் இருக்கும் தலைகீழ். சிரிப்பு அங்கேதான்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: 'எள்ளல் இளமை பேதைமை மடன்'. எள்ளல் என்பது இகழ்ந்து பேசுவது. இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பது சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. ஒரு நல்ல கட்டியங்காரன் கால்மணி நேரத்துக்குள் நான்கையும் தொட்டுவிடுவார். அரசன் யாரென்று தெரியாதது போல் நிற்பது பேதைமை. 'நால்வகைச் சேனை' என்று அரசன் சொன்னதும் நான்கு பேரைத் தேடுவது மடன். அரசனின் நடையை அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து காட்டுவது இளமை. 'வரி மட்டும் வாங்கத் தெரிகிறது, ஊருக்கு ரோடு போடத் தெரியவில்லை' என்று துரியோதனனிடம் இந்த ஊர் நியாயத்தைக் கேட்பது எள்ளல். கதை மகாபாரத காலத்திலும் கட்டியங்காரன் இன்றைய தேதியிலும் நிற்பதால்தான் இது முடிகிறது. மற்ற பாத்திரங்களுக்கு அந்த உரிமை இல்லை.

வேடத்தையும் பாருங்கள். அரச பாத்திரங்களின் கிரீடமும் புஜகீர்த்தி என்ற தோளணியும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டு பதித்தவை. எடை குறைந்த மரம்தான் என்றாலும் அத்தனையும் கட்டி முடிக்க நேரம் பிடிக்கும்; கட்டிய பிறகு சட்டென்று குனிந்து நிமிர முடியாது. கட்டியங்காரனுக்கு அவை எதுவும் கிடையாது. தளர்ந்த உடை, பெரும்பாலும் ஒரு தொப்பி, அவ்வளவுதான். காரணம், அவர் ஓர் இரவில் ஒரு பாத்திரத்தோடு நிற்பதில்லை. தூதன், சேவகன், காவலாளி, வழிப்போக்கன் எல்லாம் அவரே. ஓட வேண்டும், விழ வேண்டும், அடுத்த நொடி வேறு ஆளாக எழ வேண்டும்.

தொடக்கநிலைப் பார்வையாளர்கள் செய்யும் தவறு, கட்டியங்காரனை 'இடையிடையே வந்து சிரிக்க வைப்பவர்' என்று குறித்துக்கொள்வது. அவர் இடையில் வருபவர் அல்லர். கதை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. மற்ற நடிகர் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுப்பதும், உள்ளே வேடம் முடியவில்லை என்றால் இழுத்துப் பிடிப்பதும் அவர் பொறுப்பு. அதனால் கதை முழுவதும் தெரிந்த அனுபவசாலிக்குத்தான் இந்த வேடம் சரிப்படும். புதியவர் கையில் கொடுத்தால் சிரிப்பு வரலாம், கூத்து நொண்டும்.

எழுத்து வடிவம் கட்டியங்காரன், கட்டியக்காரன் என்று இரண்டு விதமாகவும் வரும். ஈழத்துக் கூத்து பற்றிய நூல்களில் கட்டியகாரன் என்று பார்க்கலாம். மட்டக்களப்புக் கூத்திலும் அரசரின் வரவைக் கூறி வருபவர் அவர்தான். சீவக சிந்தாமணியில் சச்சந்தனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கும் அமைச்சன் பெயரும் கட்டியங்காரன் என்பதால் சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். அந்தப் பெயர் வடமொழிக் கதையின் காஷ்டாங்காரன் தமிழில் அடைந்த உருவம்; கட்டியத்துக்கும் அதற்கும் உறவில்லை.

பபூன்

காற்று நிரப்பிக் கன்னத்தை உப்ப வைத்து 'புஃப்' என்று ஊதிக் காட்டுவது எந்த ஊரிலும் குழந்தையைச் சிரிக்க வைக்கும். இத்தாலிய மொழியில் ஊதுவதற்கு 'பஃபாரே'. அப்படி ஊதிக் காட்டுபவன் 'பஃபோனே'. அது பிரெஞ்சில் 'பூஃபோன்' ஆகி, ஆங்கிலத்தில் 'பஃபூன்' ஆகி, தமிழ்நாட்டு நாடகக் கொட்டகையில் பபூன் ஆனது. கோணங்கியைப் போலவே இதுவும் உடம்பிலிருந்து பிறந்த சொல்தான்.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குப் பபூன் என்பது வசைச் சொல் அல்ல, ஒரு பதவி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்சர் என்று நோட்டீஸிலேயே அச்சாகும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள்தான் இந்த மேடையின் அடித்தளம். வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது.

'ஸ்பெஷல்' என்பதில்தான் பபூனின் வேலைக்கான காரணம் இருக்கிறது. இங்கே நிரந்தரக் குழு கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்வார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் வேறு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்திப்பு. ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் நாடகம் மனப்பாடம் என்பதால் இது நடக்கிறது. ஆனால் உள்ளே அரிதாரம் பூசி முடிய வேண்டும், கூட்டம் சேர வேண்டும். அந்த நேரத்தைத் தனி ஆளாகத் தாங்குபவர் பபூன். இரவு பத்து மணி வாக்கில் மேடைக்கு வந்து, சபைக்கு வணக்கம் சொல்லி, ஊர்ப் பெரியவர்களையும் திருவிழாவையும் வாழ்த்தி, பாடி, பேசி, சிரிக்க வைத்து மக்களை உட்கார வைத்துவிடுவார். பிறகு டான்சர் வருவார். இருவருக்கும் வாக்குவாதமும் பாட்டும் ஆட்டமுமாகப் போகும். அதற்குப் பின்புதான் புராணக் கதை.

இதில் எங்கே தவறு நடக்கும் என்றால், அளவில். ஒருமுறை கைதட்டு வாங்கிய இரட்டை அர்த்தப் பேச்சை இன்னும் ஒருமுறை, இன்னும் கொஞ்சம் தடித்த வார்த்தையில் என்று நீட்டினால் பெண்கள் எழுந்து போகத் தொடங்குவார்கள். முன்வரிசைப் பாய் காலியாவதைப் பார்த்ததும் பேச்சைத் திருப்பி ஒரு பழைய பாட்டுக்குப் போகிற பபூன்தான் தொழில் தெரிந்தவர். எழுதி வைத்துப் படிப்பதில் இந்தத் தேர்ச்சி வராது, கூட்டத்தின் முகத்தைப் படிப்பதில்தான் வரும்.

எழுதும்போது ஒரு சிறு சிக்கல். ஆப்பிரிக்கக் குரங்கு வகை ஒன்றையும் தமிழில் பபூன் என்றே எழுதுகிறார்கள். பிறப்பால் வேறு சொல். குழப்பம் வரும் இடத்தில் 'நாடக பபூன்' என்றோ 'பபூன் வேடம்' என்றோ எழுதிவிடுவது நல்லது.

விதூஷகனும் நகைவேழம்பரும்

விதூஷகன் வடமொழி நாடகத்துக்கு உரிய பாத்திரம். தூஷணம் என்றால் பழித்துப் பேசுவது என்பது நமக்குத் தெரியும். இலங்கைத் தமிழில் கெட்ட வார்த்தைக்கே தூசணம் என்று பெயர். அதே வேர்தான். ஆக, விதூஷகன் குறை சொல்பவன். யாரை? அரசனை. அவன் அரசனின் தோழன், அந்தணன், சாப்பாட்டுப் பிரியன். பிறப்பால் அந்தணனாக இருந்தும் மேடையில் பேசுவது சமஸ்கிருதம் அல்ல, பிராகிருதம்.

சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் தோழன் மாடவ்யன். இரண்டாம் அங்கத்தில், சகுந்தலை மீதான காதலை அவனிடம் கொட்டிய அரசன், அவனைத் தலைநகருக்கு அனுப்பும் நேரத்தில் 'அதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது, மெய்யென்று எடுத்துக்கொள்ளாதே' என்று சொல்லிவிடுகிறான். பின்னால் சாபத்தால் அரசன் சகுந்தலையை மறந்தபோது, நினைவூட்டக்கூடிய ஒரே ஆளான மாடவ்யன் அதை வேடிக்கை என்றே நினைத்து வாயைத் திறக்கவில்லை. நாடகத்தின் முடிச்சே இந்தப் பாத்திரத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. கேரளத்துக் கூடியாட்டத்தில் மற்றவர்கள் சமஸ்கிருதத்தில் பேச, விதூஷகன் மட்டும் மலையாளத்தில் மக்களுக்குப் பொருள் சொல்வான். நம் கட்டியங்காரன் செய்யும் அதே வேலை.

தமிழில் இதற்குப் பழைய சொல் நகைவேழம்பர். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தை வருணிக்கும்போது, கூத்தரும் வாத்தியக்காரரும் குடியிருக்கும் பகுதியில் 'நகைவேழம்பரொடு வகைதெரி இருக்கையும்' என்று வருகிறது. அதாவது அவர்களுக்கென்று தனி இருப்பிடம் இருந்தது. வஞ்சிக் காண்டத்தில் வடதிசை நோக்கிப் புறப்பட்ட செங்குட்டுவனிடம் வந்து சேர்ந்தவர்களின் கணக்கும் இருக்கிறது: நாடக மகளிர் 102, இசைக் கருவி வாசிப்போர் 208, நகைவேழம்பர் 100. படையெடுப்புக்குப் போகும் அரசனோடு நூறு பேர் சிரிக்க வைக்கப் போனார்கள் என்றால் அந்தத் தொழிலுக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். விதூடகக் கூத்து என்ற பெயரும் சிலப்பதிகார உரையில் வருகிறது. 'ஷ' வராத தமிழ் வடிவம் வேண்டுமென்றால் விதூடகன் கையில் இருக்கிறது.

தோல்பாவைக் கூத்தையும் இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். இராமாயணம் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளைத் திரையில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு பாவைகள் வந்து ஊர் வழக்குப் பேசும். இராமனையும் சீதையையும் மறந்துபோகும் குழந்தைகள் இந்த இருவரின் பெயரை மறப்பதில்லை.

ஜோக்கர்

இது சர்க்கஸ் கூடாரத்தோடும் சீட்டுக்கட்டோடும் வந்த சொல். வட்ட அரங்கில் குதிரை வித்தை காட்டிய பிலிப் ஆஸ்ட்லி 1768இல் லண்டனில் தொடங்கியதே இன்றைய சர்க்கஸின் முன்னோடி. இந்தியாவில் விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் நடத்தியதும், கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலசேரியில் ஆட்களைப் பயிற்றுவித்ததும் தொடக்கங்கள். சர்க்கஸில் கோமாளிக்கு நடைமுறையான ஒரு வேலை உண்டு: ஒரு வித்தைக்கான கம்பியையும் வலையையும் கழற்றி அடுத்ததை மாட்டும் இடைவெளியில் கூட்டத்தின் கண்ணைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பது. மேற்கத்திய சர்க்கஸில் இருவர் ஜோடியாக வருவார்கள். முகம் முழுக்க வெள்ளை பூசியவர் அதிகாரம் செய்வார். சிவப்பு மூக்கும் பெரிய செருப்பும் போட்ட 'ஆகஸ்ட்' அடி வாங்குவார்.

சீட்டுக்கட்டின் ஜோக்கர் 1860களில் அமெரிக்காவில் சேர்ந்தது. ரம்மியில் அது எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் நிற்கும். எங்கே போட்டாலும் பொருந்துகிற ஆளை 'அவர் நம்ம டீமுக்கு ஜோக்கர் மாதிரி' என்று ஒருவர் சொன்னால் அது பாராட்டாக இருக்கலாம். சொல்கிறவர் சீட்டு ஆடுபவரா என்று பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உயரம் குறைந்தவர்கள் பலர் சர்க்கஸில் இந்த வேலை செய்தார்கள் என்பதால் அப்படிப்பட்ட யாரைப் பார்த்தாலும் ஜோக்கர் என்று கூப்பிடும் பழக்கம் இருக்கிறது. ஜோக்கர் என்பது தொழில், உடல் அமைப்பு அல்ல. அந்தப் பயன்பாட்டை எழுத்திலும் பேச்சிலும் விட்டுவிட வேண்டும்.

எழுதும்போது

கோமாளி என்பதில் வருவது பள்ளி ளகரம். 'கோமாலி', 'கோமாழி' இரண்டும் பிழை. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: கோமாளிக் கூத்து, கோமாளித் தொப்பி, கோமாளித்தனம். மெல்லினத்துக்கு மிகாது: கோமாளி முகம், கோமாளி மீன். ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல் ஒன்றே; வினைதான் பால் காட்டும். 'கோமாளி வந்தான்' என்பதைவிட, உயிரோடு இருக்கும் கலைஞரைப் பற்றி எழுதும்போது 'வந்தார்' என்று எழுதுங்கள். கட்டியங்காரன், விதூஷகன் என்பவை பாத்திரப் பெயர்கள். பாத்திரத்தைச் சொல்லும்போது 'ன்' சரி, அதை ஏற்று நடிப்பவரைச் சொல்லும்போது கட்டியங்காரர் என்றோ 'கட்டியங்காரன் வேடம் கட்டுபவர்' என்றோ எழுதுவது மரியாதை.

திரைப்படத்தில் சிரிக்க வைப்பவர் நகைச்சுவை நடிகர். அவரைக் கோமாளி என்றால் வசை. மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பவருக்கும் கோமாளி பொருந்தாது. அவர் உடம்பை அல்ல, வாயை நம்புகிறார். வகுப்பில் எப்போதும் சேட்டை செய்யும் பையனைக் கோமாளி என்பதைவிடக் குறும்புக்காரன், சேட்டைக்காரன் என்பதே இயல்பு. அரசவையில் இருந்த ஐரோப்பிய வேடிக்கைக்காரனுக்கு 'அரசவைக் கோமாளி' வழக்கில் நிலைத்துவிட்டது, விதூஷகன் என்றும் எழுதலாம். கட்டியங்காரன் என்று மட்டும் எழுதக் கூடாது.

இலங்கை வாசகர்களுக்கு எழுதும்போது பகிடி என்ற சொல் நினைவில் இருக்கட்டும். அங்கே நகைச்சுவைக்கு அன்றாடச் சொல் அது. 'பகிடி விடாதை' என்றால் விளையாடாதே. கல்லூரியில் புதிய மாணவரைத் துன்புறுத்துவதற்குப் பகிடிவதை என்று பெயர். தமிழ்நாட்டில் அதே சொல் 'பகடி'யாகி, இலக்கியக் கட்டுரைகளில் கேலியாகப் போலி செய்வதைக் குறிக்கிறது. சொல் ஒன்றுதான் என்றாலும் அங்கே தெருப்பேச்சு, இங்கே ஏட்டுச்சொல்.

குழந்தைகள் வார்டில் சிவப்பு மூக்கோடு வந்து நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் வேலை, 1986இல் நியூயார்க்கில் ஒரு சர்க்கஸ் குழு மருத்துவமனைக்குள் போனதிலிருந்து ஒழுங்கான தொழிலாக வளர்ந்தது. தமிழில் இதை 'மருத்துவக் கோமாளி' என்று எழுதுகிறார்கள். கட்டுரையில் அது நிற்கும். ஆனால் 'மருத்துவம்' முன்னால் ஒட்டியதும், மருத்துவரையே கேலி செய்வது போலவும் காதில் விழுகிறது. 'மருத்துவமனைக் கோமாளி' என்றால் அந்த ஐயம் இல்லை. குழந்தையின் கட்டில் அருகே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் சொல்லும்போது இரண்டுமே வேண்டாம். 'பிள்ளையைச் சிரிக்க வைக்க ஒருத்தர் வந்திருக்காரும்மா, உள்ளே வரச் சொல்லலாமா?' என்று கேட்டால் போதும்.